முதலில் தட்டும் கை

கையை ஏனுங்க இப்படித் தொடைக்கடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்கன்னு கேட்டீங்க பாருங்க, இதையே எங்க ஊர்க்காரன் ஒருத்தன் கேட்டிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேனுங்க. நீங்க வெளியூரு. தங்கச்சி ஊட்டுக்குச் சீர் கொண்டு போறீங்க. மடியில வாழைத்தாரு, காலடியில பலகாரத் தூக்கு. பாத்தாலே தெரியுது, ஒரு வம்புக்கும் போகாத ஆளுன்னு. அதுவுமில்லாம, பேசாம வந்தா எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும் போல இருக்குதுங்க.

பேரெல்லாம் வேண்டாம். எம்பேரை நீங்க கேக்காதீங்க, உங்க பேரை நானும் கேக்கலை. ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது.

மொட்டையைப் பாத்துட்டுப் பழனி வேண்டுதலான்னு கேட்டீங்க. ஆமான்னு சொன்னேன். பொய்யில்லைங்க, சந்தனம்கூட இன்னும் காயலை பாருங்க. ஆனா கதை பழனியில ஆரம்பிக்கலை.

எங்க ஊரு கரட்டுப்புதூரு. உங்க தங்கச்சி வாக்கப்பட்ட ஊருதான். பெரியவரைப் பத்தி அது ஒண்ணும் சொல்லலையா? சொல்லலைன்னா வெவரமான புள்ளைங்க அது. எங்க ஊர்ல பெரியவர்னா ஒருத்தர்தான். பேரைச் சொல்லிப் பழக்கமில்லை, இப்பச் சொல்லச் சொன்னாலும் நாக்கு ஏறாது. அதே பேரு வெச்சிருந்த ஒரு பையனுக்கு அவங்கப்பன் பள்ளிக்கூடத்துல போய் நின்னு பேரையே மாத்திட்டு வந்துட்டான். கணக்குத் தப்பாப் போட்டா வாத்தியாரு அந்தப் பேரைச் சொல்லித்தானே திட்டுவாரு, அந்தப் பயம். கல்லுக்குழி பெரியவருது, சந்தை அவருது, கல்யாண மண்டபம் அவருது. அவரு நாள் ஒத்துக்கிட்டாத்தான் ஊர்ல முகூர்த்தம். எலெக்சன்ல அவரை எதுத்து நிக்க ஆளிருக்காது. ஒருக்கா ஒருத்தன் மனுக் குடுத்தான், மத்தியானமே நெஞ்சு வலிக்குதுன்னு வாபஸ் வாங்கிட்டான். எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. கட்சி மாறும், அவரு மாற மாட்டாரு. எங்கல்யாணத்துக்கும் அவர்தான் தாலி எடுத்துக் குடுத்தாரு, எம்புள்ளை கல்யாணத்துக்கும் அவர்தான்.

அந்தப் பெரியவரு இப்ப இருக்காரா, போய்ட்டாரா? அது தெரியலைங்க. அதுதான் இப்பப் பெரச்சனையே.

அய்யோ, மெதுவாங்க, மெதுவா! 'போனா நல்லதுதானே'ன்னு இப்படியா பட்டுனு சொல்றது? இந்தப் பஸ்சே அவருதுங்க. அந்தக் கண்டக்டரைப் பாருங்க, விசில் ஊதறப்பக்கூட ஒரு காதை நம்ம பக்கம் வெச்சிருக்கறான். நான் ஒண்ணும் கேக்கலை, நீங்களும் ஒண்ணும் சொல்லலை. சரிங்களா? சித்த இக்கட்ட நகந்து உக்காருங்க.

கைக் கதைக்கு வாறேன். எனக்குத் தேங்கா யாவாரமுங்க. அது பொழப்பு. ஆனா ஊர்ல போய்க் கேட்டா தேங்காக்காரன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மொதல்ல கை தட்டறவன்னுதான் சொல்லுவாங்க. அது நானாத் தேடிப் போனதில்லை. தண்ணித் தொட்டி தெறக்கறாங்க, பெரியவரு பேசறாரு, ஊரே நிக்குது. "இனிமே இந்த ஊர்ல எவனும் கொடத்தைத் தூக்கிட்டு அலைய மாட்டான்"னு சொல்லி ஒரு மூச்சு வாங்கினாரு. அந்நேரம் பாத்து என்ற மூக்குக்கு முன்னால ஒரு கொசு. ரெண்டு கையாலயும் பட்டுனு ஒரு அடி. சத்தியமாக் கொசுவைத்தானுங்க அடிச்சேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்துல இருந்தவன் தட்டினான், அவனைப் பாத்து அவனுக்குப் பக்கத்துல இருந்தவன், அப்பறம் ஊரே தட்டுது. பெரியவரு அத்தனை கூட்டத்துல என்னைத் தேடிப் புடிச்சுப் பாத்துச் சிரிச்சாரு. தொட்டியில இன்னைக்கு வரைக்கும் தண்ணி ஏறலைங்க, அது வேற விசயம்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளு உட்டு என்னைக் கூட்டியாந்து முன்னால உக்கார வெச்சாங்க. அதுக்கப்பறம் எந்தக் கூட்டமானாலும் நாந்தான். சும்மா நெனைக்காதீங்க, அது லேசான வேலையில்லை. அவரு மூச்சு வாங்கறதுக்கும் இருமப் போறதுக்கும் வித்தியாசம் தெரியோணும். இருமலுக்குத் தட்டிட்டம்னா கதை முடிஞ்சுது. கூட்டம் அவரு மொகத்தைப் பாக்கறதை விட என்ற கையைத்தான் பாக்கும். எழவு ஊட்டுலயும் அப்படித்தான். நான் துண்டை வாயில வெச்சா ஊரே விசும்பும். ஒருக்கா அவரே எல்லாரு முன்னாடியும் சொன்னாரு, "மொதல்ல அழுகறவன் நம்ம ஆளு, அடுத்தாப்பல அழுகறவன் பாத்து அழுகறவன்"னு. நான் அதுக்கும் தட்டினேன்.

கூட்டம் முடிஞ்சதும் என்னைத் தனியாக் கூப்புடுவாரு. "எப்படிப்பா இருந்துச்சு?"ம்பாரு. நல்லா இருந்துச்சுங்கம்பேன். "எல்லாரும் சந்தோசமா இருந்தாங்களா?"ம்பாரு. பெரிய மனுசன் கேக்கறப்ப ஒத்தை வார்த்தையில பதில் சொல்லிட்டு வர முடியுமுங்களா? மனசுல பட்டதைச் சொல்லுவேன். டீக்கடை ஆறுச்சாமி தட்டலீங்க, கையில பால் கொட்டிருச்சோ என்னமோ, பாவமுங்கன்னு ஒரு அக்கறையிலதான் சொன்னேன். கொஞ்ச நாள்ல ரோட்டை அகலப்படுத்தறம்னு ஆறுச்சாமி கடையை இடிச்சுட்டாங்க. அவங்கடை இருந்த எடம் மட்டும் அகலமாச்சு. கெரகம் சரியில்லை அவனுக்கு, என்ன பண்றது.

எங்க பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஒருத்தரு, கந்தப்பன்னு பேரு, தங்கமான மனுசன். எம்புள்ளைக்கு அவர்தான் எழுத்துச் சொல்லிக் குடுத்தது. அவருக்கு ஒரு கெட்ட பழக்கம், கூட்டத்துல கையைக் கட்டிட்டு உக்காருவாரு. பள்ளிக்கூடத்துப் பழக்கமுங்களே, வேறொண்ணுமில்லை. அதைத்தான் நான் பெரியவர்கிட்டச் சொன்னேன். வாத்தியாருக்குக் கை கட்டியே பழகிப் போச்சுங்க, யாராச்சும் எடுத்துச் சொன்னாத் தேவலைங்கன்னு. அதுல என்ன தப்பு இருக்குது? அக்கறைதானே? அப்பறம் வாத்தியாரு கல்லுக்குழித் தண்ணியில விழுந்துட்டாரு. நல்லா நீச்சலடிக்கற மனுசன். அவரு எழவுக்கு மொதல்ல போனது நாந்தான், மொதல்ல அழுததும் நாந்தான். நெசமாவே அழுதேனுங்க. வாத்தியாரு ஊட்டுக்காரம்மா மட்டும் அழுகாம என்ற கை ரெண்டையும் பாத்துட்டே உக்காந்திருந்துச்சு. துக்கத்துல மனுசருக்குப் புத்தி எங்கெங்கயோ போகுமல்லங்க. இப்பவும் எதுக்கால வந்தா என்ற மொகத்தைப் பாக்காது, கையைத்தான் பாக்கும்.

என்னுங்க, ஒரு மாதிரிப் பாக்கறீங்க? தண்ணி வேணுமுங்களா?

சரி. போன வாரம் பெரியவருக்கு நெஞ்சு வலின்னு கார்ல போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டு போனாங்க. பின்னால ரெண்டு கார் போச்சு. ஒண்ணுல அவரு மகன். சின்னவருன்னு கூப்புடுவோம். இன்னொண்ணுல மாப்பிள்ளை, மகளைக் கட்டினவரு. ரெண்டு பேருக்கும் எப்பவுமே ஆகாது. அந்தக் கார் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முந்தப் பாத்துட்டே போனதை எங்கடையில இருந்தே பாத்தேன். ஊரு கம்முனு ஆயிருச்சு. எவனும் எவங்கிட்டயும் ஒண்ணும் கேக்கலை. நல்லா இருக்காரான்னு கேட்டா, இவனுக்கு என்ன சந்தேகம்னு நெனைப்பாங்க. கேக்காம இருந்தா, இவனுக்கு அக்கறையே இல்லை பாருன்னு நெனைப்பாங்க.

ரெண்டொரு நாள் கழிச்சு, காலையில வாசல்ல நின்னு பல்லு வெளக்கறேன். பெரியவரு ஊட்டுப் பொகை எங்க வாசல்ல நின்னாத் தெரியுமுங்க. ஆளுக வந்துட்டே இருப்பாங்க, பெரிய வெறகடுப்பு, பொழுது வெடிஞ்சாப் பொகை எந்திரிக்கும். அன்னைக்குத்தான் கவனிச்சேன், இல்லை.  ஒரு ஊட்டுல எழவு விழுந்தா அடுப்பு மூட்டக் கூடாதல்லங்க. வாயைக்கூடக் கொப்புளிக்காம, தேங்கா குடுக்கப் போறாப்பல ஒரு சாக்கைத் தூக்கிட்டுப் போனேன். வெளிக்கதவு சாத்தியிருக்குது. பால்காரன் கேனு நெறையப் பாலோட திரும்பி வாறான். "வேண்டாம்னுட்டாங்க"ன்னான்.  போய்ட்டாரு. வெளிய சொல்லாம வெச்சிருக்கறாங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க. இத்தனை வருசம் எல்லாத்துலயும் மொதல் ஆளா இருந்தவன் நான். அவரு எழவுக்கு நான் அடுத்தவனைப் பாத்து மொட்டையடிச்சா ஊரு என்ன சொல்லும்? பொறகு வாறவங்க என்ன நெனைப்பாங்க? நேரா மயில்சாமி சலூனுக்குப் போனேன். அப்பத்தான் தண்ணி தெளிச்சுட்டிருந்தான். உக்காந்து, "வழிச்சு உடு"ன்னேன். "யாருக்குங்கண்ணா?"ன்னான். "கம்முனு அடி"ன்னேன்.  இந்தா, காதுக்கு மேல கீறியிருக்குது பாருங்க.

மொட்டையோட கடைவீதியில நடந்தேன். யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. பாத்தாங்க, அவ்வளவுதான். ஊட்டுக்கு வந்தா, என்ற ஊட்டுக்காரி சரசா கதவைத் தொறந்தவ, "எங்கப்பன் போய்ட்டாருங்களா?"ன்னு மார்ல அடிச்சுட்டு அழுக ஆரம்பிச்சுட்டா. அவளை அடக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. பெரியவருன்னேன். யாரு சொன்னதுன்னா. அடுப்புல பொகை வரலைன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க. "காஸ் அடுப்பு மாத்திட்டாங்கல்ல! பொகை ஆகலைன்னு சின்னவரு சம்சாரம் மாத்தி ஒரு வாரமாச்சு, துணி தொவைக்கறவ சொன்னா"ன்னா. பால் திரும்பி வந்துச்சேன்னேன். "ஊட்டுல ஆளே இல்லை, எல்லாரும் ஆஸ்பத்திரியில கெடக்கறாங்க, பால் எதுக்கு?"ன்னா. நான் அப்படியே கதவு நெலவைப் புடிச்சுட்டு உக்காந்துட்டேன்.

ஒடனே துண்டைச் சுத்திட்டு மயில்சாமிகிட்ட ஓடினேன், யார்கிட்டயும் சொல்லாதடான்னு சொல்றதுக்கு. போய்ப் பாத்தா, சலூன் வாசல்ல ஊரே நிக்குதுங்க. அரிசிக்கடை அப்புக்குட்டி, எலெக்ட்ரீசியன், ரெண்டு கவுன்சிலரு, கோயில் தர்மகர்த்தா.  ஒருத்தன் எந்திரிக்கறான், அடுத்தவன் உக்காரறான். மயில்சாமி தலை நிமுராம வழிச்சுட்டே இருக்கறான். அப்புக்குட்டி என்னைப் பாத்துத் தலையை ஆட்டினான், துக்கம் கேக்கறாப்பல. நான் வேண்டாம், நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கோணும். சொன்னா ஏன்னு கேப்பாங்களே? நானும் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

மத்தியானத்துக்குள்ள கடைவீதியில முடி வெச்ச ஆம்பளையை விரல் விட்டு எண்ணலாம். அந்நேரம் பாத்து மாப்பிள்ளையோட ஜீப்பு வருது, மேல மைக்குக் கட்டிட்டு. "பெரியவர் பூரண நலமுடன் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஓய்வெடுத்து வருகிறார். வதந்தி பரப்புவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்." ஜீப்பு மெதுவா, ரொம்ப மெதுவா வந்துச்சுங்க. ரெண்டு பக்கமும் மொட்டை மொட்டையா நிக்கறோம். உள்ள இருந்தவனுக ஒவ்வொரு தலையாப் பாத்துட்டே போனானுக. ஜீப்பு திரும்பறதுக்குள்ள ஜவுளிக்கடையில துண்டு பூராத் தீந்து போச்சு. துண்டு கெடைக்காதவன் பொண்டாட்டி சீலையைச் சுத்திட்டான். மயில்சாமி கடையைச் சாத்திட்டு, பொறவாசல்ல மயிரையெல்லாம் குமிச்சுத் தீ வெச்சுட்டான் மடையன். ஊரெல்லாம் கருகின மயிர் நாத்தம். சோறு எறங்கலை எவனுக்கும்.

பொழுதோட அப்புக்குட்டி வந்தான். "சென்னியப்பண்ணா, உங்களைப் பாத்துத்தான் நாங்கெல்லாம் அடிச்சோம். யாராச்சும் கேட்டா அப்படித்தான் சொல்லுவோம். மனசுல வெச்சுக்காதீங்க"ன்னான். என்ற சோத்துல வளந்த பையன், என்ற வாசல்ல நின்னு சொல்றான்.

பயந்துட்டேனுங்க. ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? பெரியவரு இருந்தப்பவும் பயந்துட்டுத்தான் இருந்தோம், ஆனா அது பழகின பயம். எங்க நிக்கோணும், எப்பக் கும்பிடோணும், எதுக்குச் சிரிக்கோணும்னு தெரியும். வாசல் நாயைக் கண்டு பயப்படறாப்பல, எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு தெரிஞ்சு போச்சுன்னா நிம்மதியாப் பொழைக்கலாம். இப்ப எந்தப் பக்கம்னே தெரியலை. அவரு உசுரோட எந்திரிச்சு வந்தா, "நான் சாகறதுக்கு முந்தியே எனக்காக மொட்டை போட்டுக்கிட்டவன் எவண்டா?"ன்னு கேப்பாரு. வரலைன்னா, அடுத்து யாருன்னு தெரியலை. யாரு நல்லா இருக்கோணும்னு நான் சாமியைக் கும்பிடறது?

சரசாதான் ரோசனை சொன்னா. "வேண்டுதல்னு சொல்லீருங்க. பெரியவரு பொழைச்சு வரோணும்னு முடி குடுத்தேன்னு சொல்லுங்க. போய்ப் பழனியில ஒரு சந்தனத்தைப் பூசிட்டு வந்துருங்க"ன்னு. அவ புத்திசாலிங்க. காலையில பஸ் ஏறிட்டேன். முடி எடுக்கற மண்டபத்துல போய் உக்காந்தா, அந்தாளு என்ற தலையைத் தடவிப் பாத்துட்டு, "இங்கே எடுக்கறதுக்கு என்னங்க இருக்குது?"ன்னான். "பேருக்கு ஒரு இழுப்பு இழு"ன்னேன். அவன் சிரிச்சான். சிரிச்சுட்டு, "இன்னைக்குக் காலையில இருந்து இப்படித்தானுங்க வாறாங்க, எங்கிருந்துன்னே தெரியலை"ன்னான். திரும்பிப் பாக்கறேன். வரிசையில துண்டைக் கழட்டிட்டு நிக்கறாங்க. அப்புக்குட்டி. எலெக்ட்ரீசியன். தர்மகர்த்தா. ரெண்டு கவுன்சிலரும்.

ஒருத்தனை ஒருத்தன் பாக்கலைங்க. படியேறினோம். எல்லாரும் எனக்குப் பின்னாலயே ஏறறாங்க, நான் நின்னா நிக்கறாங்க, நான் நடந்தா நடக்கறாங்க. சன்னிதியில போய் நின்னேன். என்ன கேக்கறதுன்னு தெரியாம, "முருகா, பெரியவரு நல்லபடியா வரோணும்"னு சத்தமாச் சொன்னேன். பின்னால அத்தனை பேரும் அதையே சொன்னாங்க. வேற ஊர்க்காரங்க பாத்துட்டு, அப்படி ஒரு மகராசனா, ஊரே வந்து வேண்டுதேன்னு கண்ணுல தண்ணி உட்டாங்க.

கீழ எறங்கினதும் போன். சின்னவரு. குரலு உடைஞ்சு போயிருந்துச்சு. "சென்னியப்பா, அப்பா போய்ட்டாரு. மாப்பிள்ளைதான் மறைக்கறான். ஊர்ல மொத ஆளா நீதான் மொட்டையடிச்சயாமா, மறக்க மாட்டேன். பொழுதோட பஸ் ஸ்டாண்டுல எரங்கல் கூட்டம். நீ வந்து மொதல்ல அழுகோணும். அப்பறம் நான் பேசறப்பத் தட்டோணும். யாரு அழுகலைன்னு பாத்து வெய்யி"ன்னாரு. சரிங்கன்னேன். வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள இன்னொரு போன். மாப்பிள்ளை. "மாமா நல்லா இருக்காரு. இப்பத்தான் கஞ்சி குடிச்சாரு. பெத்த மகனே அப்பன் செத்துட்டான்னு சொல்லிட்டுத் திரியறான். நீ வேண்டுதலுக்கு மொட்டையடிச்சதைச் சொன்னாங்க, மாமா கேட்டுச் சிரிச்சாரு. பொழுதோட பஸ் ஸ்டாண்டுல பிரார்த்தனைக் கூட்டம். நீ வந்து மொதல்ல தட்டோணும். யாரு தட்டலைன்னு பாத்து வெய்யி"ன்னாரு. அதுக்கும் சரிங்கன்னேன்.

அப்ப இருந்து இந்தக் கையை இப்படித்தானுங்க வெச்சுட்டு வாறேன். வெளிய உட்டா அது பாட்டுக்கு என்னமாச்சும் பண்ணிருமோன்னு இருக்குது. ஓடிப் போயிரலாமான்னும் பாத்தேன். சரசா ஊட்டுல இருக்கறா. எம்புள்ளை அடுத்த வீதியிலதான் வாக்கப்பட்டிருக்குது, மாசமா இருக்குது. நான் எங்க ஓடறது? நான் ஓடினா அவங்களைத்தானே கேப்பாங்க?

நீங்க அதுக்குச் சிரிக்கறீங்க. 'ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டுச் சாகட்டுமே, ஊருக்கு விடிவு காலம்'ங்கறீங்க. வெளியூர்க்காரருக்கு எல்லாம் லேசுதான். சத்தம் போடாதீங்க, கண்டக்டர் இங்கயே பாக்கறான்.

இந்தா, ஊரு வந்துருச்சு. பஸ்சு ஏன் இத்தனை மெதுவாப் போகுது? கூட்டமுங்க. ஜன்னல்ல பாருங்க, நான் பாக்கலை, நீங்க பாத்துச் சொல்லுங்க. எடப்பக்கம் என்ன இருக்குது? மேடையா? பெரியவரு படத்துக்கு மாலை போட்டு வெளக்கு வெச்சிருக்குதா? அப்பச் சின்னவரு அங்கதான் நிக்கறாரு. வலப்பக்கம்? அங்கயும் மேடையா? அதே படமா? மாலை இல்லை, தட்டுல தேங்காப் பழமா? சரி, சரி. நடுவால யாரு நிக்கறாங்க?

நானே பாத்துட்டேன். எல்லாம் எங்க மொட்டைகதான். எனக்கு முந்தின பஸ்சுல வந்திருக்கறாங்க. எந்த மேடைப் பக்கமும் போகாம நடு ரோட்டுல நின்னுட்டு இந்தப் பஸ்சைப் பாக்கறாங்க. அப்புக்குட்டி என்ற ஜன்னலைக் காட்டறான். அத்தனை மொட்டையும் திரும்புது. தட்டறானா, அழுகறானான்னு பாக்கறாங்க. நான் எதைப் பண்ணினாலும் அதை அத்தனை பேரும் பண்ணுவாங்க, அப்பறம் ராவைக்கு எவனாச்சும் கேட்டா, சென்னியப்பண்ணனைப் பாத்துத்தான் பண்ணினோம்பாங்க. சந்தனத்து மேல ஈ வந்து உக்காந்திருக்குதுங்க. ஓட்டறதுக்குக் கையைத் தூக்கினாக்கூட அது ஒரு சைகையாப் போயிரும். முருகா, முருகா. கை ரெண்டும் மரத்துப் போச்சு.

கண்டக்டர் என்னமோ சொல்றான். "அண்ணா, ரெண்டு பக்கமும் உங்களைத்தான் தேடறாங்க"ங்கறான். சொல்லிட்டு உங்களைப் பாக்கறான் பாருங்க. கேட்டிருப்பான். பழனியில இருந்து நீங்க பேசினது பூராக் கேட்டிருப்பான். எங்கூட உக்காந்து பேசினதையும் பாத்திருப்பான். எறங்கினதும் போய் எவங்கிட்டச் சொல்லுவானோ.

ரெண்டு மேடையிலயும் ஒரே கேள்விதானுங்க கேப்பாங்க. யாரு தட்டலை, யாரு அழுகலை. வெறுங்கையோட போய் நிக்க முடியுமா?

எந்திரிங்க, எறங்கலாம். நீங்க சீரோட வந்திருக்கறீங்க, கூட்டத்துல நசுங்கிப் போகும். அந்த வாழைத்தாரைக் குடுங்க இப்படி, நான் புடிச்சுக்கறேன். பரவால்லைங்க, கை வந்துருச்சு, இந்தா பாருங்க. ரெண்டு கையிலயும் தாரு இருந்தா எவனும் தட்டுன்னும் சொல்ல மாட்டான், கும்புடுன்னும் சொல்ல மாட்டான். எங்கூடவே வாங்க, எம்பக்கத்துலயே நடங்க.

ஆமா, உங்க பேரு என்னங்க? தங்கச்சி ஊடு எந்த வீதி?

சும்மாதானுங்க. ஒரு அக்கறையில கேக்கறேன்.